ஸ்டைல்ஷீட்டுக்குள் எழுதும் முகவரி எங்கே போய் நிற்கிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரில் சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேருக்கு இணையப் பக்கம் செய்யச் சொல்லித் தருகிறேன். பெரும்பாலும் விடுதி நடத்துகிறவர்களின் பிள்ளைகள், தேயிலை விற்கும் கடைக்காரர்கள், கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைல்ஷீட்டில், அதாவது சிஎஸ்எஸ் கோப்பில், வண்ணமும் எழுத்துருவும் அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிடுகின்றன. படம் வரவில்லை, ஸ்டைல் ஏறவில்லை என்பதில்தான் பாதி மாலை போகிறது. ஒவ்வொரு புதுக் குழுவும் அதே சந்தேகங்களோடு வருவதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகளில் கோப்பு, கோப்புறைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள். அதற்கான காரணமும் கீழே ஒரு பதிலில் வருகிறது.

சார்பு முகவரி என்கிறீர்களே, எதைச் சார்ந்தது?

மலை ரயிலில் அருவங்காட்டில் நிற்பவரிடம் "ஊட்டிப் பக்கம் அடுத்த ஸ்டேஷனில் இறங்கு" என்றால் அவர் கேத்தியில் இறங்குவார். அதே சொல்லைக் கேத்தியில் நிற்பவரிடம் சொன்னால் லவ்டேலில் இறங்குவார். சொன்னது ஒன்றுதான், கேட்டவர் நின்ற இடம் வேறு. சார்பு முகவரியும் இப்படித்தான். "படம்/கேரட்.ஜேபிஜி" என்று மட்டும் எழுதினால் பிரவுசர் முதலில் "எங்கிருந்து எண்ணுவது?" என்று பார்க்கும். அந்தத் தொடக்க இடத்துக்கு அடிமுகவரி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

எச்டிடிபிஎஸ் என்று தொடங்கி டொமைன் பெயர் உட்பட எல்லாவற்றையும் சொல்வது முழு முகவரி. அதற்கு அடிமுகவரி தேவையில்லை. எங்கே எழுதினாலும் அது ஒரே இடத்துக்குத்தான் போகும்.

ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி, வெறும் சாய்கோடு – மூன்றுக்கும் என்ன வேறுபாடு?

ஒற்றைப் புள்ளி, இருக்கும் கோப்புறையையே குறிக்கும். ஆகவே "./படம்" என்பதும் "படம்" என்பதும் ஒன்றே. இரட்டைப் புள்ளி, ஒரு கோப்புறை மேலே. முகவரி சாய்கோட்டிலேயே தொடங்கினால், நீங்கள் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் நேராகத் தளத்தின் வேருக்கு, அதாவது எல்லாவற்றுக்கும் மேலே உள்ள கோப்புறைக்கு, போய் அங்கிருந்து எண்ண வேண்டும் என்று பொருள்.

படத்தைப் பக்கத்தில் நேராக வைத்தால் தெரிகிறது. அதே முகவரியை அப்படியே சிஎஸ்எஸ் கோப்பில் பின்னணிப் படமாகக் கொடுத்தால் காணோம். எழுத்துப் பிழைகூட இல்லையே அக்கா?

வகுப்பில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். சிஎஸ்எஸ் கோப்புக்குள் எழுதும் சார்பு முகவரி, அந்த சிஎஸ்எஸ் கோப்பின் முகவரியிலிருந்து எண்ணப்படும். அதை அழைத்த பக்கம் எங்கே இருக்கிறது என்பது கணக்கிலேயே வராது. 1996 டிசம்பரில் வெளிவந்த சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பிலிருந்தே விதி இதுதான்.

தளத்தின் வேரில் முகப்பு.எச்டிஎம்எல், பக்கத்தில் "நடை" என்ற கோப்புறை, "படம்" என்ற கோப்புறை. நடைக்குள் முதன்மை.சிஎஸ்எஸ். முகப்பிலிருந்து பார்த்தால் படம் "படம்/கேரட்.ஜேபிஜி". அதையே முதன்மை.சிஎஸ்எஸ்ஸில் எழுதினால் பிரவுசர் "நடை/படம்/கேரட்.ஜேபிஜி" என்று தேடும். அப்படி ஒரு கோப்புறையே இல்லை. அங்கே எழுத வேண்டியது "../படம்/கேரட்.ஜேபிஜி".

முதலில் எரிச்சலூட்டினாலும் இது நியாயமான விதி. ஒரே சிஎஸ்எஸ் கோப்பை முகப்பும் அழைக்கும், மூன்று கோப்புறை ஆழத்தில் இருக்கும் அறைப் பக்கமும் அழைக்கும். பக்கத்திலிருந்து எண்ணுவது என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி சிஎஸ்எஸ் எழுத வேண்டியிருக்கும்.

ஒரு சிஎஸ்எஸ் இன்னொன்றை @இம்போர்ட் வரியால் உள்ளே அழைக்கிறது, அது மூன்றாவதை. இப்போது எங்கிருந்து எண்ணுவது?

அந்த வரி எந்தக் கோப்பில் எழுதியிருக்கிறதோ அங்கிருந்து. முதன்மை.சிஎஸ்எஸ் "பகுதி/அறை.சிஎஸ்எஸ்" என்று அழைத்தால், அது நடை/பகுதி/அறை.சிஎஸ்எஸ். அந்த அறை.சிஎஸ்எஸ்ஸுக்குள் படம் வேண்டுமென்றால் இப்போது இரண்டு படி ஏற வேண்டும்: "../../படம்/அறை.ஜேபிஜி". முதன்மைக் கோப்பில் ஒரு படிதானே ஏறினோம் என்று அதையே இங்கும் ஒட்டுபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

முகவரி சரியாக இருந்தும் @இம்போர்ட் வேலை செய்யவில்லை என்றால் அது எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். கோப்பின் தலையில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் எழுத்துக்குறியீட்டு அறிவிப்பும், விதிகளின் அடுக்கு வரிசையைச் சொல்லும் @லேயர் அறிவிப்பும் மட்டும் வரலாம். ஒரே ஒரு சாதாரண விதி முன்னால் வந்துவிட்டாலும் பிரவுசர் அந்த @இம்போர்ட்டைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்.

இன்னொன்று: முதல் கோப்பு வந்து சேர்ந்த பிறகுதான் இரண்டாவது கோப்பு தேவை என்பதே பிரவுசருக்குத் தெரியும். இரண்டாவது வந்த பிறகு மூன்றாவது. மூடுபனியில் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும் எங்கள் ஊரில் இந்தக் காத்திருப்பு கண்ணுக்கே தெரியும். இரண்டுக்கு மேல் சங்கிலி போகவேண்டாம் என்பது என் கருத்து; பக்கத்திலேயே, சிஎஸ்எஸ்ஸை அழைக்கும் தனித்தனி லிங்க் வரிகளாகக் கொடுத்துவிடுங்கள்.

பிரவுசர் இந்தக் கணக்கை எப்படித்தான் போடுகிறது?

2005 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3986 என்ற ஆவணத்தின் ஐந்தாம் பகுதியில் இதற்கான முறை படிப்படியாக இருக்கிறது. நமக்கு வேண்டிய சுருக்கம் இது. அடிமுகவரியில் கேள்விக்குறியும் அதற்குப் பின்னால் உள்ளதும் நீக்கப்படும். பிறகு கடைசிச் சாய்கோட்டுக்கு வலப்பக்கம் உள்ளது வெட்டப்படும். மீதியோடு நீங்கள் எழுதிய சார்பு முகவரி ஒட்டப்படும். கடைசியாகப் புள்ளிகள் கணக்குத் தீர்க்கப்படும்: ஒவ்வோர் இரட்டைப் புள்ளியும் தனக்கு இடப்பக்கம் உள்ள ஒரு கோப்புறையை அழித்துவிட்டுத் தானும் மறையும்.

இதில் "கடைசிச் சாய்கோட்டுக்கு வலப்பக்கம்" என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். "/விடுதி/" என்ற பக்கத்தில் "நடை.சிஎஸ்எஸ்" என்று எழுதினால் "/விடுதி/நடை.சிஎஸ்எஸ்" கிடைக்கும். முகவரி "/விடுதி" என்று சாய்கோடு இல்லாமல் முடிந்தால் அந்த "விடுதி"யே வெட்டப்பட்டு "/நடை.சிஎஸ்எஸ்" ஆகிவிடும். விடுதி ஒரு கோப்புறை என்பது உங்களுக்குத் தெரியும், பிரவுசருக்குத் தெரியாது. அதன் கண்ணுக்கு அது வெறும் எழுத்துச் சரம்.

இரட்டைப் புள்ளியை அளவுக்கு மேல் போட்டுவிட்டால்?

ஒன்றும் ஆகாது. நீலகிரியில் 2,637 மீட்டரில் தொட்டபெட்டா உச்சியில் நிற்பவரை இன்னும் ஏறு என்றால் அங்கேயேதான் நிற்பார். வேருக்கு வந்த பிறகு மிச்சமுள்ள இரட்டைப் புள்ளிகளை பிரவுசர் தூக்கி எறிந்துவிடும், பிழைச் செய்தியும் தராது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. இன்று நான்கு புள்ளி ஜோடிகளோடு தற்செயலாக ஓடும் தளம், நாளை அதை ஓர் உட்கோப்புறைக்கு மாற்றியதும் உடையும்.

என் மடிக்கணினியில் அருமையாக வருகிறது. சர்வரில் ஏற்றியதும் பாதிப் படம் இல்லை. சர்வர்தானே கோளாறு?

பெரும்பாலும் இல்லை. முதல் குற்றவாளி ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸ் அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ளாது, மேக்கும் வழக்கமான அமைப்பில் அப்படியே. சர்வர்களில் பெரும்பாலும் ஓடும் லினக்ஸ் விடாது. ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் ஒரே ஊர் என்று பஸ் நடத்துநருக்குத் தெரியும். லினக்ஸுக்கோ முதல் எழுத்து பெரிதான ஊட்டி ஒன்று, சிறிதான ஊட்டி வேறொன்று. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேச்சே இல்லாததால்தானோ என்னவோ, நம் கண் இதை எளிதில் தவறவிடுகிறது. கோப்புப் பெயர்களைச் சிறிய எழுத்திலேயே வைப்பது என்று ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, விண்டோஸ் பழக்கத்தில் போடும் பின்சாய்கோடு. இது குழப்பமானது. பக்கத்தின் லிங்க் வரியில் பின்சாய்கோடு போட்டால் பிரவுசர் பெருந்தன்மையாக அதைச் சாய்கோடாக எடுத்துக்கொள்ளும். சிஎஸ்எஸ்ஸுக்குள் பின்சாய்கோட்டுக்கு வேறு பொருள் உண்டு. அடுத்த எழுத்தைத் தனியாகக் கவனி என்ற குறி அது. ஆகவே "படம்\கேரட்" என்பது "படம்கேரட்" என்று ஒட்டிக்கொள்ளும். பின்சாய்கோட்டுக்கு அடுத்து ஓர் எண்ணோ, ஏ முதல் எஃப் வரையிலான ஆங்கில எழுத்தோ வந்தால் இன்னும் மோசம். அதைப் பதினாறடிமான எண்ணாக எடுத்து, சம்பந்தமில்லாத ஒரு குறியைக் கொண்டுவந்து வைக்கும். இணையத்தில் எப்போதும் முன்சாய்கோடுதான்.

மூன்றாவது, சாய்கோட்டில் தொடங்கும் முகவரி. கோப்பை இருமுறை தட்டித் திறந்தால் வேர் என்பது உங்கள் வட்டின் வேர், சர்வரில் அது டொமைனின் வேர். இரண்டும் ஒன்றாக இருக்க வழியில்லை. உங்கள் கணினியிலேயே ஒரு சிறு சர்வரை ஓட்டிப் பார்த்துப் பழகினால் இந்த வகைச் சிக்கல் பாதி குறையும்.

கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா? இடைவெளி விடலாமா?

வைக்கலாம், ஓடும். ஆனால் அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டாகி, விழுக்காட்டுக் குறியோடு ஒன்பது எழுத்தாக நீளும். "ஊட்டி" என்பதில் புள்ளியையும் கொக்கியையும் சேர்த்து ஐந்து குறிகள். அது 45 எழுத்தாகிறது. அந்த லிங்க்கை யாருக்காவது அனுப்பிப் பாருங்கள், அவர் பயந்துவிடுவார்.

நீளத்தைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. "கோத்தகிரி"யின் "கோ"வில் உள்ள ஓகாரக் குறியைக் கணினி ஒரே குறியாகவும் வைக்கும், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சர்வருக்கு இரண்டு வேறு கோப்புகள். பழைய மேக் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்தது. இதில் ஒருமுறை இரண்டு மணி நேரம் தொலைத்தேன். அன்றிலிருந்து கோப்புப் பெயருக்கு மட்டும் தமிழ்ப் பற்றைத் தளர்த்திக்கொண்டேன்.

இடைவெளி வேண்டாம். சிஎஸ்எஸ்ஸில் மேற்கோள் குறி இல்லாத, முகவரி எழுதும் யூஆர்எல்() அடைப்புக்குள் பெயரின் நடுவே இடைவெளி வந்தால் அந்த வரியே செல்லாது. சிறு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான மேற்பகுதியை, சர்வரில் ஓடும் பிஎச்பி மொழியில் எழுதிய ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். முகப்பில் ஸ்டைல் வருகிறது, "அறைகள்" கோப்புறையில் உள்ள பக்கங்களில் வரவில்லை. வரி எழுதியிருக்கும் கோப்பிலிருந்து எண்ண வேண்டும் என்றுதானே சொன்னீர்கள்?

சொன்னேன். ஆனால் அந்த பிஎச்பி கோப்பைப் பிரவுசர் பார்க்கவே இல்லை. சர்வர் சமையலறையிலேயே அதைப் பக்கத்தோடு கலந்து ஒரே எச்டிஎம்எல் ஆக்கிப் பரிமாறிவிடுகிறது. பிரவுசரின் கைக்கு வந்த கோப்பின் முகவரி "/அறைகள்/இரட்டை" என்றால், லிங்க் வரியும் அங்கிருந்துதான் எண்ணப்படும். பொது மேற்பகுதியில் சாய்கோட்டில் தொடங்கும் முகவரி எழுதுங்கள்: "/நடை/முதன்மை.சிஎஸ்எஸ்". எந்த ஆழத்திலிருந்து அழைத்தாலும் ஒரே இடம்.

இங்கே இரண்டு விதமான பாதைகள் கலப்பதையும் கவனியுங்கள். வேறு கோப்பைச் சேர்க்கும் பிஎச்பியின் இன்க்ளூட் வரி தேடுவது சர்வர் வட்டில் உள்ள கோப்பை. அதற்கு வட்டின் பாதை வேண்டும். லிங்க் வரி கேட்பது இணைய முகவரி. இன்க்ளூட்டில் சாய்கோட்டில் தொடங்கினால் சர்வர் வட்டின் வேர், லிங்க்கில் தொடங்கினால் தளத்தின் வேர். ஒரே வரியை இரண்டு இடத்திலும் ஒட்டினால் ஏதாவது ஒன்று நிச்சயம் உடையும்.

இல்லாத பக்கத்துக்குப் போனால் வரும் 404 பக்கத்தில் மட்டும் ஸ்டைல் சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை. பேய் பிடித்ததா?

அந்த ஒரே பக்கம் பல முகவரிகளில் வேடம் போடுகிறது. "/ஏதோ" என்று தட்டினால் அது வேரில் நிற்கிறது, "/அறைகள்/பழைய/ஏதோ" என்று தட்டினால் இரண்டு கோப்புறை ஆழத்தில் நிற்கிறது. சார்பு முகவரி வைத்தால் ஒருமுறை கிடைக்கும், ஒருமுறை தவறும். தீர்வு முந்தைய பதிலில் சொன்னதேதான்.

இதோடு வரும் ஒரு விந்தையான பிழைச் செய்தி: ஸ்டைல்ஷீட்டின் வகை எச்டிஎம்எல் என்று இருப்பதால் ஏற்க மறுத்தேன் என்று பிரவுசர் சொல்லும். சிஎஸ்எஸ் கோப்பில் எச்டிஎம்எல் எங்கிருந்து வந்தது என்று கோப்பைத் திறந்து தேடாதீர்கள். முகவரி தவறியதால் சர்வர் உங்கள் 404 பக்கத்தையே சிஎஸ்எஸ் என்ற இடத்தில் நீட்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் சாய்கோட்டில் தொடங்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததா?

தளம் டொமைனின் வேரில் இருக்கும்வரை. தளங்களை ஏற்றி வைக்கும் கிட்ஹப் பேஜஸ் சேவையில் ஒரு திட்டத்துக்கான தளத்தை ஏற்றினால் அது பயனர் முகவரிக்குள் திட்டத்தின் பெயரில் ஓர் உட்கோப்புறையாக நிற்கும். அங்கே "/நடை/முதன்மை.சிஎஸ்எஸ்" என்பது திட்டத்தைத் தாண்டி வேருக்குப் போய்த் தேடும், கிடைக்காது. பக்கத்திலிருந்து சிஎஸ்எஸ்ஸை அழைக்க, தளம் எங்கே நிற்கப்போகிறது என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். சிஎஸ்எஸ்ஸிலிருந்து படத்தை அழைக்க மட்டும் நான் எப்போதும் இரட்டைப் புள்ளி முறையைத்தான் பரிந்துரைப்பேன். நடையும் படமும் ஒன்றாக இடம் மாறும்போது அவற்றுக்கு இடையே உள்ள தூரம் மாறுவதில்லை.

பக்கத்தின் தலையில் பேஸ் என்ற குறிச்சொல் போட்டால் ஒரே அடியில் சரியாகும் என்று நண்பர் சொன்னார்.

அது பக்கத்தின் அடிமுகவரியை மாற்றுகிறது. லிங்க் வரிகள், படங்கள், பக்கத்துக்குள்ளேயே எழுதிய ஸ்டைல் எல்லாம் அதன் சொல்லைக் கேட்கும். தனி சிஎஸ்எஸ் கோப்புக்குள் உள்ளவை கேட்காது. அவற்றுக்குத் தம் கோப்பின் முகவரிதான் அடிமுகவரி. கூடவே, பக்கத்துக்குள் தாவும் பவுண்டுக் குறி (#) லிங்க்குகளும் பேஸ் சொன்ன முகவரிக்குப் போய்விடும். "மேலே செல்" பொத்தானை அழுத்தினால் வேறு பக்கம் திறக்கிறது என்று ஒருவர் குழம்பி வந்தார், காரணம் இதுதான். நான் இதைப் பயன்படுத்துவதில்லை.

சிஎஸ்எஸ் கோப்பு வேறொரு சர்வரிலிருந்து வருகிறது. வழியில் வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் வேறு. அதன் பெயருக்குப் பின்னால் "?வ=2" என்று பதிப்பு எண்ணும் இருக்கிறது. இப்போது?

அடிமுகவரி என்பது கடைசியாகக் கோப்பு வந்து சேர்ந்த முகவரி. நீங்கள் கேட்டது ஓரிடம், ரீடைரக்ட் ஆகி வந்தது வேறிடம் என்றால் எண்ணுவது இரண்டாவதிலிருந்து. அந்த சிஎஸ்எஸ்ஸுக்குள் சாய்கோட்டில் தொடங்கும் முகவரி இருந்தால் அது அந்தச் சர்வரின் வேருக்குத்தான் போகும், உங்கள் தளத்தின் வேருக்கு அல்ல. கேள்விக்குறிக்குப் பின்னுள்ளது கணக்கில் வராது என்று முன்பே பார்த்தோம். அதற்குள் சாய்கோடு இருந்தாலும் கவலையில்லை.

வேறு சர்வரிலிருந்து @இம்போர்ட் செய்யும்போது பழைய எச்டிடிபி முகவரி எழுதாதீர்கள். பக்கம் எச்டிடிபிஎஸ் என்றால் பிரவுசர் அந்த ஸ்டைல்ஷீட்டைத் தடுத்துவிடும். இரண்டு சாய்கோட்டில் தொடங்கும் குறுக்குவழி, அந்த வரி உள்ள கோப்பு எந்த முறையில் வந்ததோ அதையே எடுத்துக்கொள்ளும். வட்டிலிருந்து நேராகத் திறந்தால் அதுவும் உடையும். முழுதாக எச்டிடிபிஎஸ் என்றே எழுதிவிடுங்கள்.

சிஎஸ்எஸ்ஸாக மாற்றித் தரும் சாஸ் மொழியைப் பயன்படுத்துகிறேன். பகுதிக் கோப்பிலிருந்து சரியாக எண்ணித்தான் எழுதினேன், ஆனாலும் படம் வரவில்லை.

பிஎச்பி கதைதான் மறுபடியும். பகுதிக் கோப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே சிஎஸ்எஸ்ஸாக மாறுகின்றன. பிரவுசர் பார்ப்பது அதை மட்டும். சாஸ், யூஆர்எல்() உள்ளே இருப்பதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடும். ஆகவே படத்தின் முகவரியை வெளியீட்டுக் கோப்பு நிற்கும் இடத்திலிருந்து எண்ணுங்கள். பகுதிக் கோப்பைச் சேர்க்கும் @யூஸ் வரியோ மூலக் கோப்பின் இடத்திலிருந்து எண்ணப்படும். ஒரே கோப்புக்குள் இரண்டு அளவுகோல். குழப்பம் வராமல் என்ன செய்யும்? லெஸ் மொழியில் இந்த முகவரிகளை மாற்றி எழுதித்தர ஒரு விருப்ப அமைப்பு இருக்கிறது, அதை நீங்கள்தான் இயக்க வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் கோப்பிலிருந்து பின்னணிப் படத்தை மாற்றுகிறேன். அந்தக் கோப்பிலிருந்து எண்ணுவதா?

இல்லை. ஓர் உறுப்பின் ஸ்டைலை நேராக மாற்றினால் அது பக்கத்திலேயே எழுதியதற்குச் சமம். பக்கத்தின் அடிமுகவரியிலிருந்து எண்ணப்படும். முகவரியை ஜாவாஸ்கிரிப்டில் எழுதாமல், சிஎஸ்எஸ்ஸில் ஒரு வகுப்பாக எழுதி வைத்து, வகுப்பின் பெயரை மட்டும் மாற்றுங்கள்.

கடைசியாக ஒன்று. அலுவலகத்தில், எக்ஸ்எம்எல் கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி கொடுத்திருக்கிறார்கள். அங்கேயும் இன்க்ளூட், இம்போர்ட் இருக்கின்றன. விதி வேறா?

அடிப்படை அதேதான். இன்க்ளூட்டும் இம்போர்ட்டும் அந்த வரி இருக்கும் ஸ்டைல்ஷீட் கோப்பின் முகவரியிலிருந்து எண்ணப்படும். மாற்றப்படும் எக்ஸ்எம்எல் கோப்பு எங்கிருந்தாலும் சரி. வேறு கோப்பைத் திறக்கும் டாக்குமெண்ட்() செயற்கூற்றுக்குச் சரமாகக் கொடுக்கும் முகவரியும் அப்படியே. எக்ஸ்எம்எல் கோப்புக்குப் பக்கத்தில் உள்ளதைத் திறக்க வேண்டுமென்றால், அந்த எக்ஸ்எம்எல்லின் ஒரு கணுவை இரண்டாவது உள்ளீடாகக் கொடுக்க வேண்டும். டாக்குமெண்ட்('') என்று வெற்றுச் சரம் கொடுத்தால் ஸ்டைல்ஷீட் தன்னையே திறந்துகொள்ளும். சிறு அட்டவணைகளை அதற்குள்ளேயே வைத்துப் படிக்கப் பலர் இந்த வழியைப் பயன்படுத்துவார்கள்.

ஜாவாவில் ஸ்டைல்ஷீட்டை முகவரியாகக் கொடுக்காமல் உள்ளடக்கம் மட்டும் வரும் வெறும் ஸ்ட்ரீமாகக் கொடுத்தால் அடிமுகவரி என்று ஒன்றே இருக்காது. உறையில் அனுப்புநர் பெயர் இல்லாத கடிதம் அது. இன்க்ளூட் எங்கேயோ தேடித் தோற்கும், அல்லது நிரல் ஓடும் கோப்புறையில் தேடும். ஸ்ட்ரீமோடு சிஸ்டம் ஐடி என்ற கோப்பின் முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். விண்டோஸில் அதை "சி:\" என்று தொடங்காமல் "ஃபைல்:///சி:/" என்று முன்சாய்கோடுகளோடு எழுதுங்கள். இல்லையென்றால் சி என்பதை எச்டிடிபி போன்ற ஒரு முறையின் பெயர் என்று சில நிரல்கள் எடுத்துக்கொள்ளும்.